தானாக நகர்ந்த கை

அந்தப் பட்டறையில் எல்லோரும் அவளை ஏனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், லேத்தில் சுழலும் இரும்பின் மேல் ஊற்றுகிற தண்ணீரைப் பார்த்து, "இது ஏன் பால் மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். எண்ணெய் கலந்த தண்ணீர் என்றார்கள். "எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதே, இதுல மட்டும் ஏன் ஒட்டுது?" என்றாள். அன்று மாலைக்குள் பெயர் வைத்தாயிற்று.

கேட்டுவிட்டு மறந்துபோகிற ரகம் இல்லை அவள். வீட்டுக் குழாய் காலையில் ஏன் இருமுகிறது என்று ஒரு வருஷம் அரித்தெடுத்தாள். கடைசியில் மொட்டைமாடித் தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்த பிறகுதான் அடங்கினாள். அவள் புருஷன் அதே பட்டறையில் ஸ்டோர்க்காரர். பதினாறு வருஷமாக இந்தக் கேள்விகளோடு குடித்தனம் நடத்துகிறார், பாவம். அவர் பேசுவது குறைவு. ஒரு வீட்டில் ஒரு வாய்க்குத்தான் இடம் என்று விட்டுக்கொடுத்துவிட்டாரோ என்னவோ.

பட்டறையில் பெரிய பம்புகளைப் பழுதுபார்ப்பார்கள். பம்புக்குள் சுழல்கிற ஷாஃப்ட் ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல் நீளம், மூன்று ஆள் எடை. தேய்ந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கடைந்து மாட்ட வேண்டும். அதைக் கடைகிற பெரிய லேத் கடைசி ஜன்னலோரம் இருக்கிறது. அந்த லேத்துக்கு வந்து சேர ஏனக்காவுக்குப் பதினோரு வருஷம் பிடித்தது. பிசிறு தேய்க்கிற மேஜையில் மூன்று, துளை போடுகிற இயந்திரத்தில் நான்கு, சின்ன லேத்தில் நான்கு. பெரிய லேத் காலியானபோது ஃபோர்மேன் வேறு மூன்று பேரை யோசித்துப் பார்த்துவிட்டு, யாரும் தேறாமல், அரை மனதாக அவளிடம் கொடுத்தார். முதல் மாதமே தலைமுடியில் பாதிக் கனம்கூடப் பிசகாமல் கடைந்து வைத்தாள். அதற்கப்புறம் அந்த லேத் அவளுடையதுதான்.

மூன்று ஆள் எடையை லேத்தில் யார் தூக்கி வைப்பது? அதற்குத்தான் ஜிப் கிரேன். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள இரும்பு உத்தரம், அவ்வளவுதான். மறுபக்கம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். உத்தரத்துக்கு அடியில் ஒரு குட்டி வண்டி ஓடும், அதில் செயின் பிளாக் தொங்கும். சங்கிலியை இரண்டு கையாலும் இழுத்தால் சரக்கு மேலே எழும்பும். தள்ளினால் உத்தரம் கதவைப்போலத் திரும்பும்.

பட்டறையில் இப்படி மூன்று கைகள். நடுவில் சொந்தத் தூணில் நிற்பதை ஒத்தக்கால் என்பார்கள். அதற்காக இடுப்பளவு பள்ளம் தோண்டி, ஓர் அறையளவுக்குக் காங்கிரீட் கொட்டியிருக்கிறார்கள். யாரையும் சார்ந்து நிற்காத பேர்வழி, முழு வட்டமும் சுற்றிவரும். பம்பு பூட்டுகிற மேஜைக்குப் பக்கத்தில் இருப்பது முழங்கை. நடுவில் மடங்கும், மூலை முடுக்கெல்லாம் எட்டிப்பார்க்கும், ஆனால் கனம் தூக்கச் சொன்னால் கையை விரித்துவிடும். மூன்றாவது, ஏனக்காவின் லேத்துக்கு மேலே இருப்பது. கட்டடத்தின் தூணிலேயே மேலும் கீழுமாக இரண்டு கீல் வைத்து மாட்டியது. அதன் பெயர் ஒட்டுக்கை. தனியாகக் கால் கிடையாது, பள்ளம் கிடையாது, அரை வட்டம்தான் திரும்பும். ஒண்டிக்குடித்தனம்.

இந்த மூன்றையும் பற்றி ஏனக்கா கேட்காத கேள்வி இல்லை. ஏன் ஒன்றுக்கு மட்டும் பள்ளம், ஏன் ஒன்று அரை வட்டம், மடங்குகிறது ஏன் குறைவாகத் தூக்குகிறது. அவற்றை மாட்ட வந்த ஆள் ஒருநாள் அவளைப் பார்த்ததும் கழிப்பறைப் பக்கம் ஒதுங்கிவிட்டு, சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் வெளியே வந்தார் என்று பட்டறையில் ஒரு கதை உண்டு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஒரு புதன்கிழமை, மூன்று நாள் உழைப்பில் ஒரு ஷாஃப்டை முடித்திருந்தாள். பேரிங் உட்காருகிற இடம் கண்ணாடியாக மின்னியது. பட்டை கட்டி, கொக்கியில் மாட்டி, இரண்டு கையாலும் சங்கிலியை இழுத்தாள். ஷாஃப்ட் லேத்தை விட்டு ஒரு சாண் எழும்பியது. அப்புறம் ஜன்னல் பக்கமாக நகர ஆரம்பித்தது. அவள் தள்ளவில்லை. காற்றுகூட இல்லை. சங்கிலியை விட்டுவிட்டுப் பாய்ந்து பிடிப்பதற்குள் மின்னிக்கொண்டிருந்த அந்த இடம் போய் லேத்தின் உளிதாங்கியில் இடித்தது. நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டு. பேரிங் உட்காருகிற இடத்தில் நகக்கண் என்றால் ஷாஃப்டே போயிற்று என்று அர்த்தம்.

ஃபோர்மேன் ஓடி வந்தார். வெட்டைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சங்கிலியைக் கோணலா இழுத்திருக்க."

"இல்ல சார். நேராத்தான் இழுத்தேன். கை தானா நகர்ந்துச்சு."

"தானாவா?"

"ஆமா சார்."

"ஏம்மா, யார் காதுல பூ சுத்துற? மூணு ஆள் கனம் இரும்பு தானா நடந்து போச்சா?"

பக்கத்து லேத்துக்காரர் ஒருவர் உண்டு. அவர் காதில் விழுந்தது அடுத்த நிமிஷம் வாசல் காவலாளி வரைக்கும் போய்விடும் என்பதால் ரேடியோ என்று பெயர். அவரைக் கூப்பிட்டு ஃபோர்மேன், "நீ பாத்தியா?" என்றார். ரேடியோ வாழ்க்கையிலேயே முதல்முறையாக, "நான் கவனிக்கல சார்" என்றார்.

தீர்ப்பு அங்கேயே ஆயிற்று. அடுத்த வாரம் வியாழக்கிழமை வருஷாந்தரச் சோதனைக்கு ஆய்வாளர் வருகிறார். கிரேனில் கோளாறு என்று அவர் சொன்னால் சரி. கிரேன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் ஏனக்காவுக்குப் பெரிய லேத் கிடையாது, நிரந்தரமாகப் பெட்டி கட்டுகிற பகுதிதான். அவர் வருகிற வரைக்கும்கூட, இப்போதிலிருந்தே அவளுக்கு அங்கேதான் வேலை.

பெட்டி கட்டுகிற பகுதியில் அட்டைப் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டு நின்றபோது அவளுக்கு அழுகை வந்தது. லேத் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, தான் சொன்னதை ஒருத்தர்கூட நம்பவில்லையே என்ற ஆத்திரம் பெரிசு. பதினைந்து வருஷத்தில் ஒரு பொய் சொன்னதில்லை அவள். பொய் சொல்ல நேரம் ஏது, கேள்வி கேட்கவே நேரம் போதவில்லை. ஆனால் பாருங்கள், அழுது முடித்ததும் அந்த ஆத்திரத்துக்கு அடியில் வேறொன்று எட்டிப்பார்த்தது. சரி, கை தானாகத்தான் நகர்ந்தது. ஏன்?

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும், டப்பாவைக்கூடத் திறக்காமல் பெரிய லேத்துக்குப் போனாள். ஒட்டுக்கையை நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, கொக்கிக்கு நேர் கீழே தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். தன் கையை எடுத்துவிட்டு நின்றாள். கொக்கி மெல்ல, யாரோ ரகசியமாகக் கூப்பிட்டதுபோல, ஜன்னல் பக்கம் போயிற்று. வெள்ளிக்கிழமையும் போயிற்று. திங்கட்கிழமை போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போட்ட கோட்டிலேயே நின்றது. ஒத்தக்கால், முழங்கை இரண்டையும் இதே மாதிரி சோதித்தாள். அவை எந்த நாளும் அசையவில்லை.

"ஏனக்கா, கிரேனுக்கு திங்க செவ்வா விரதமா?" என்றார் ரேடியோ.

"வாயை மூடுங்க. அன்னிக்கு உண்மையைச் சொல்லியிருந்தா நான் ஏன் இங்க நாடா ஒட்டிட்டு நிக்கிறேன்?"

ரேடியோ முகம் சுருங்கிவிட்டது. பார்த்ததைச் சொல்லப் பயந்தவர்தான், கெட்ட மனிதர் இல்லை.

பதிலின் முதல் பாதி வீட்டிலேயே கிடைத்தது. செவ்வாய்க்கிழமை மாலை அடுப்படியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தாள். அடுப்படிக் கதவு வழக்கம்போலத் தானாக வந்து முதுகில் இடித்தது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இடிக்கிறது. புருஷன் அதற்கு அடியில் காகிதத்தை மடித்துச் செருகி வைப்பார், அது நழுவும், மறுபடி செருகுவார். அவளுடைய அண்ணன் கொத்தனார். நிலை சாய்ந்திருக்கிறது, கதவு தாழ்ந்த பக்கம் தேடிப் போகிறது என்று அவர் எப்போதோ சொல்லியிருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

கதவுக்கு நிலை. ஒட்டுக்கைக்குத் தூண்!

அண்ணன் வீட்டுக்கு ஓடி அவருடைய தூக்குக்குண்டை வாங்கி வந்தாள். புதன்கிழமை காலையில், வேலை தொடங்குவதற்கு முன்பே, தூணின் உச்சியில் நூலைக் கட்டிக் குண்டைத் தொங்கவிட்டு, அதன் முனைக்கு நேர் கீழே ஒரு புள்ளி வைத்தாயிற்று. ஏணியில் ஏறிக் கட்டியது ரேடியோ. "கேட்டா நான் ஏறலன்னு சொல்லிடுவேன்" என்று சொல்லிக்கொண்டேதான் ஏறினார்.

பத்து மணிக்கு லாரி வந்தது. வாரா வாரம் புதன்கிழமை கம்பி லாரி வரும். கடைகிறதற்கான கனத்த உருண்டைக் கம்பிகள். அவற்றை ஸ்டோர் ஆட்கள் ஜன்னலோர இரும்புப் பரணில் ஏற்றி அடுக்கினார்கள். சாப்பாட்டு மணிக்கு ஏனக்கா போய்ப் பார்த்தபோது குண்டின் முனை புள்ளியை விட்டு இரண்டு தீக்குச்சிக் கனம் தள்ளி இருந்தது. ஒட்டுக்கையை நடுவில் நிறுத்திவிட்டு விலகினாள். ஜன்னலைப் பார்த்துப் போயிற்று.

நிமிர்ந்து பார்த்தாள். பரணின் ஒரு பக்க உத்தரம் அதே தூணில்தான் உட்கார்ந்திருந்தது. புதன்கிழமை பரண் நிறைகிறது, தூண் ஜன்னல் பக்கம் சாய்கிறது. வாரம் ஓட ஓடக் கம்பி செலவாகிறது, திங்கட்கிழமைக்குள் தூண் நிமிர்ந்துகொள்கிறது. அட, இவ்வளவுதானா! சந்தோஷத்தில் ரேடியோவின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

அந்தச் சந்தோஷம் அரை நாழிகைகூட நிற்கவில்லை. பரணின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் இரண்டு டன் என்று எழுதியிருக்கிறது. இருப்பதோ ஐந்துக்குக் குறையாது. ஏற்றியது யார்? ஸ்டோர்க்காரர். சொந்தப் புருஷன்.

பிற்பகலில் ஃபோர்மேனின் குரல் கேட்டது. "நாளைக்கு ஆய்வாளர் வர்றார். வழக்கம்போல எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும். தரையைக் கழுவு, பரணைக் காலி பண்ணு, கம்பியெல்லாம் பின்கட்டுக்குப் போகட்டும். காலையில எட்டு மணிக்குள்ள!"

ஏனக்கா அந்த ஒரு வார்த்தையில் நின்றுவிட்டாள். வழக்கம்போல! வருஷா வருஷம் ஆய்வாளர் வருகிற அன்று பரணைத் துடைத்து வைத்துவிடுகிறார்கள். மற்ற நாளெல்லாம் அது சுமப்பதை அவர் பார்த்ததே இல்லை. நாளைக்கும் தூண் நெட்டுக்குத்தாக நிற்கும், கை சமர்த்தாக இருக்கும், அவர் நன்று என்று கையெழுத்துப் போடுவார். அவள் ஆயுசுக்கும் நாடா ஒட்ட வேண்டியதுதான்.

மாலை வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் சட்டையைக்கூட மாற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொன்னா உங்க தலையில விடியும்ங்க. சொல்லலன்னா என் லேத்து போயிடும். நான் என்ன பண்ண?"

"உனக்கு நல்லாத் தெரியுமா? பரணுதானா?"

"சத்தியமா. வேணும்னா நாளைக்கு குண்டைக் காட்டுறேன்."

அவர் எழுந்துபோய் அடுப்படிக் கதவடியில் நழுவிய காகிதத்தை மறுபடி செருகினார்.

"உன் லேத்து உனக்கு வேணுமா, வேணாமா?"

"வேணும்."

"அப்போ பேசாம இரு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"அது சரி, எழுதியிருக்கிறதுக்கு மேல ஏங்க ஏத்தினீங்க?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். ஏனக்கா கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் அவளும் விட்டுவிட்டது அந்த ஒரு தடவைதான். மனசு முழுக்க நாளைக் காலைதான் இருந்தது.

வியாழக்கிழமை எட்டு மணிக்குத் தரை கழுவியிருந்தது, லேத்துகள் துடைத்திருந்தன, பரண் மட்டும் நேற்றுப்போலவே பிதுங்கிக்கொண்டிருந்தது. ஃபோர்மேன் குதித்தார்.

"எறக்கச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்" என்றார் ஸ்டோர்க்காரர். "நான்தான் எறக்கல. தினமும் எப்படி இருக்கோ அப்படியே பாத்துட்டுப் போகட்டும்."

"உனக்கென்ன பைத்தியமா? ஆட்களைக் கூப்பிடு!"

கூப்பிட நேரமில்லை. ஆய்வாளர் வாசலுக்கே வந்துவிட்டார். குள்ளமான, நிதானமான மனிதர். கையில் ரசமட்டமும் ஒரு நோட்டும். ஒத்தக்காலைச் சுற்றிப் பார்த்தார், முழங்கையை மடக்கி நீட்டினார், ஒட்டுக்கையின் அடியில் வந்து நின்றார். பெட்டி கட்டுகிற பகுதியிலிருந்து ஏனக்கா கிளம்பி வந்துவிட்டாள். ஃபோர்மேன் முறைத்ததை அவள் பார்க்கவே இல்லை.

"சார், கையை நடுவுல விட்டுட்டு ரெண்டு நிமிஷம் நில்லுங்க. தொடாதீங்க."

ஆய்வாளர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே செய்தார். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டது. கொக்கி கிளம்பியது. அது பாட்டுக்குப் போய் ஜன்னலோரம் நின்றது.

"இது எத்தனை நாளா?" என்றார் ஆய்வாளர்.

தரையில் கோடுகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் கிழமை எழுதி. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள், குண்டையும் புள்ளியையும் காட்டினாள். அவர் குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார். பரணை இறக்கச் சொன்னார். ஒவ்வொரு கட்டாகக் கம்பி இறங்க இறங்க, குண்டின் முனை புள்ளியை நோக்கித் திரும்பி வந்தது. கடைசிக் கட்டு இறங்கியதும் கையை நடுவில் விட்டார். நின்றது.

"இந்தம்மா சங்கிலியைக் கோணலா இழுத்தாங்கன்னு யார் சொன்னது?"

ஃபோர்மேன் வாயைத் திறப்பதற்குள், "நான் பாத்தேன் சார், அன்னிக்கே பாத்தேன், தானாத்தான் நகர்ந்துச்சு!" என்று ரேடியோ பின்னாலிருந்து கத்தினார். எட்டு நாள் அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது.

ஏனக்காவுக்கு உடம்பெல்லாம் லேசாகிப் போயிற்று. ஆனால் ஆய்வாளர் முடிக்கவில்லை. நோட்டைத் திறந்தார்.

"பரண்ல இவ்வளவு ஏத்தினது யாரு?"

"நான்தான் சார்." ஸ்டோர்க்காரர் முன்னால் வந்தார்.

"ரெண்டு டன்னு எழுதியிருக்கிறது தெரியும்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏன் ஏத்தின?"

"கீழ தரையில கெடந்துச்சு சார். இடைஞ்சலா இருந்துச்சு."

"யாருக்கு இடைஞ்சல்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பொதுவா, எல்லாருக்கும்தான் சார்."

அப்போதுதான் ஏனக்காவுக்கு உறைத்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால்வரை, பரணில் கொள்ளாத மிச்சக் கம்பிகள் அவள் லேத்துக்குப் பக்கத்தில் தரையில்தான் கிடந்தன. ஒருநாள் கால் தடுக்கி முட்டி பெயர்ந்தது. அன்று வீட்டுக்குப் போய் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். பட்டறையில் இத்தனை இடம் இருக்க என் காலடியில்தான் கொட்டணுமா, கட்டின பெண்டாட்டி கால் ஒடிஞ்சாலும் உங்களுக்குக் கவலையில்லையா என்று சாப்பிட விடாமல் பேசினாள். மறுநாள் கம்பி தரையில் இல்லை. எங்கே போயிற்று என்று அவள் கேட்கவில்லை. உலகத்தில் இருக்கிற அத்தனையையும் கேட்கிறவள், அதை மட்டும் கேட்கவில்லை.

நேற்றுக் கேட்டபோதும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்று அவள் இங்கே வந்து வாயைத் திறந்திருக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

"எனக்குத்தான் சார் இடைஞ்சல்" என்றாள். "நான்தான் எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். அதையும் எழுதிக்கோங்க."

"உன்னை யாரு கேட்டா?" என்று புருஷன் முணுமுணுத்தார்.

"நீங்க சும்மா இருங்க."

ஆய்வாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுத வேண்டியதை எழுதினார். பரணில் இப்போதைக்கு ஒரு கம்பிகூட ஏறக்கூடாது. ஒட்டுக்கையைக் கழற்றிவிட்டு, பள்ளம் தோண்டி, சொந்தத் தூணில் கை நிறுத்த வேண்டும். அது தயாராகிற வரைக்கும் கம்பி தரையில்தான் கிடக்க வேண்டும், இதே இடத்தில்; பின்கட்டில் ஒரு நாளைக்கு மேல் போட்டால் மழையில் துரு ஏறிவிடும், லாரி வாசலிலிருந்து இழுத்துவர வேறு இடமும் இல்லை. ஸ்டோர்க்காரருக்கு எழுத்தில் எச்சரிக்கை. அடுத்த வருஷம் கிடைத்திருக்க வேண்டிய மேற்பார்வையாளர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. பள்ளம் எவ்வளவு ஆழம், ஏன் அவ்வளவு, காங்கிரீட் காய ஏன் நாலு வாரம் என்று ஏனக்கா வாசல்வரைக்கும் ஆய்வாளரின் பின்னாலேயே போனாள். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அதுவும் ஓர் அதிசயம்தான்.

பெரிய லேத் திரும்பக் கிடைத்தது. ஃபோர்மேன் தானே வந்து, "அன்னிக்குக் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்மா" என்றார். கம்பிகள் அவள் காலடிக்குத் திரும்பி வந்தன. ஒரு நாளைக்கு இருபது தடவை தாண்ட வேண்டும்.

அடுத்த வாரமே ஒரு கம்பி உருண்டு கட்டைவிரலைப் பதம் பார்த்தது. "அம்மா" என்று அவள் போட்ட சத்தத்தில் பட்டறை முழுக்கத் திரும்பியது. ஸ்டோரிலிருந்து புருஷன் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னாச்சு? அடி பலமா? இந்தக் கம்பியை முதல்ல இங்கேருந்து..."

"வேணாங்க" என்று அவர் கையைப் பிடித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "கெடக்கட்டும். எனக்கு ஒரு இடைஞ்சலும் இல்ல."

கம்பியைத் தாண்டி, நொண்டிக்கொண்டே லேத்துக்குப் போய்விட்டாள்.